கழி வீழ் படலம்

வாழ்க பூவரசன்! கிழக்கே கடலும் மேற்கே பழவேற்காட்டுக் காயலும் இருபுறமும் நின்று கவரி வீச, நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டில், லைட்ஹவுஸ் குப்பத்தின் தென்கோடித் தகரக் கொட்டகையில், ரெசின் பசையின் நெடியே அகிற்புகையாக, கண்ணாடியிழை விரிப்பாகிய கிழிந்த ஃபைபர் மேட்டே பட்டுக் கம்பளமாக வீற்றிருக்கும் படகு வைத்தியர் கோமான் வாழ்க! ஓட்டை கண்டால் உறங்காதவன், விரிசல் கண்டால் விடாதவன், முகத்துவாரத்து மணலில் தட்டிப் பிளந்த படகுகளின் அணியத்தை, அதாவது முகப்பை, ஒரே பகலில் மூடி மறுநாளே கடலுக்கு அனுப்பியவன், தான் ஒட்டியதைப் பிரிக்க வந்த அலைகளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவன் வாழ்க, வாழ்க! அவனுக்கு வயது நாற்பத்தாறு. லுங்கி நீல நிறம்.

இக்காவியம் இடையூறின்றி நடக்க, பேரலில் துயிலும் ரெசின் அன்னையைத் தொழுதோம். சிறு புட்டியில் ஒடுங்கியிருந்து சில சொட்டிலேயே எதையும் இறுக வைக்கும் ஹார்டனர் ஆண்டவனைத் தொழுதோம். குதிரைகளைத் தொழவில்லை. அவை இந்தக் கதையில் நடந்துகொண்ட விதம் எமக்குப் பிடிக்கவில்லை.

கோமானின் கொட்டகை வாயிலில் ஒரு பலகை உண்டு. 'ஒட்டினால் ஒட்டியதுதான்' என்று சிவப்பு எழுத்தில் அதில் எழுதியிருக்கும். பிறருக்கு அது விளம்பரம், அவனுக்கு விரதம். ஒருமுறை மைத்துனனின் செருப்பை அவன் ஒட்டிக் கொடுக்க, ஈராண்டில் செருப்பு தேய்ந்து ஒழிந்தது, ஒட்டு மட்டும் எஞ்சியது. அந்த ஒட்டை மைத்துனன் இன்னும் வைத்திருக்கிறான். 'பூவரசன் கை வெச்சா பிரியாது' என்ற ஒரு சொல்லை நம்பியே சுற்றுவட்டக் குப்பங்களின் படகுகள் அலையேறின. அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் வயிறெரிந்தவன் ஒருவன் உண்டு. வடகோடியில் இதே தொழில் செய்யும் ஜெகதீஸ்வரன். அவன் போட்ட ஒட்டு ஒரு பருவம் தாங்கும், மறு பருவம் யோசிக்கும்.

இவ்வாறு செங்கோல் நடந்துவந்த நாளில், ஒரு மாசி மாத முற்பகலில், மணலில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள் ஃபர்ஹத். பழவேற்காடு டவுனில் பிறந்தவள்; கப்பலேறி வாணிபம் செய்த குடியின் வழித்தோன்றல்; காட்டூருக்கு அப்பால் புதிதாகத் திறந்திருக்கும் குதிரைத் திடலில் தடை வடிவமைப்பவள். ஓடிவரும் குதிரை தாண்டிக் குதிப்பதற்காகக் குறுக்கே கழி வைத்த தடைகளை வரைந்து, செய்வித்து, நிறுத்துவது அவள் வேலை. சும்மா கிடக்கும் வழியை மறித்துத் தடை கட்டி, அதைத் தாண்டுவதற்கென்று ஒரு குதிரை வளர்த்து, அதன்மேல் ஒரு மனிதனை ஏற்றி, தாண்டிவிட்டால் கைதட்டுகிற இந்த வழக்கத்தின் நுட்பம் எமக்கு விளங்கவில்லை. விளங்கியவர்கள் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள், இருக்கட்டும்.

எல்லாத் திடலிலும் ஒரே மாதிரி வாடகைத் தடைகள்தான் நிற்கின்றன, நம் திடலில் நம் கரையின் முகம் தெரிய வேண்டும் என்பது ஃபர்ஹத்தின் எண்ணம். படகின் அணியம் போல இரண்டு பக்கத் தூண்கள். அவற்றில் காயலுக்கு வரும் பூநாரைகளின் ஓவியம். நடுவே வலைமிதவையின் நிறங்களைப் பட்டை பட்டையாகப் பூசிய ஒரு நெடிய சவுக்குக் கழி. முதலில் ஒன்று செய்து கொடுங்கள், பங்குனியில் நடக்கும் போட்டியில் அது ஒழுங்காக நடந்துகொண்டால் மிச்சம் பதினொன்றும் உங்களுக்கே என்று சொல்லி, அளவுகள் எழுதிய தாள் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனாள். பதினோரு தடை என்றால் ஐப்பசி மழை வரைக்கும் கொட்டகையில் வேலை. கோமான் தாளை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

கேளுங்கள், விதி நுழைந்த இடம் இதுதான். தாளின் நான்காம் வரியில் 'தட்டினால் கழி விழ வேண்டும்' என்று எழுதியிருந்தது. பூவரசன் அந்த வரியை மூன்று முறை படித்தான். பிறகு நெஞ்சுருகி அந்தப் பெண்ணுக்காக வருந்தினான். பாவம், அவசரத்தில் எழுதியிருக்கிறது பிள்ளை. 'விழக் கூடாது' என்று எழுத வந்தது தவறிவிட்டது. இதை அவள் மேலதிகாரி பார்த்தால் என்ன ஆகும்? விழுவதற்கென்று ஒரு பொருளை உலகத்தில் எவனாவது செய்யச் சொல்வானா? இவ்வாறு எண்ணிய பெருந்தகை, காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, 'வேண்டும்' என்பதை அடித்து, 'கூடாது' என்று திருத்தினான். அவளிடம் இதைச் சொல்லி அவமானப்படுத்தவும் அவன் விரும்பவில்லை. பெரிய மனம் படைத்தவர்களால்தான் இப்படிப்பட்ட தவறைச் செய்ய முடியும்.

அதன்பின் எழுந்தது வேலை! மேட் மேல் மேட் விரிந்தது, ரெசின் மேல் ரெசின் பாய்ந்தது, இரண்டு அணியங்கள் மணலிலிருந்து ஆள் உயரத்துக்கு நிமிர்ந்தன. பூநாரைகள் இளஞ்சிவப்பாக அணிவகுத்தன; அலகு மட்டும் சற்றுப் பெரிதாகிவிட்டது. கழியின் முனைகள் உட்காருவதற்காக ஃபர்ஹத் வரைந்திருந்த கையகலக் கிண்ணம் கோமானுக்கு அற்பமாகத் தோன்றியது. அவன் கிண்ணத்துக்குப் பதிலாக ஒரு குகையே செய்தான். கழியின் முனையை அதற்குள் செலுத்தி, நான்கு அடுக்கு மேட்டால் போர்த்தி, ஹார்டனர் ஆண்டவனைச் சற்றுத் தாராளமாகவே எழுந்தருளச் செய்தான். கழியும் தூணும் கணவன் மனைவி போல் ஆயின. அதாவது, இனி வெட்டினால்தான் உண்டு.

போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கையில் ஃபர்ஹத் பார்க்க வந்தாள். தூரத்திலேயே முகம் மலர்ந்தவள், கிட்டே வந்து பூநாரையைத் தொட்டுப் பார்த்தாள், மகிழ்ந்தாள். பிறகு கழியைக் கையால் தட்டினாள். அசையவில்லை. தள்ளினாள். அசையவில்லை. அவள் சோதிக்கிறாள் என்று மகிழ்ந்த கோமான் தானே ஏறிக் கழிமேல் அமர்ந்து, போதாதென்று வலை பிரித்துக்கொண்டிருந்த மூவரையும் அழைத்துப் பக்கத்தில் அமர்த்த, நால்வருமாகக் கால் ஆட்டிக் காட்டினார்கள். கழி முனகக்கூட இல்லை. குப்பமே பெருமிதத்தில் நின்றது. ஃபர்ஹத்தின் முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே போனது.

"அண்ணே, இது விழணும்ணே," என்றாள் அவள். "குதிரை கால் பட்டா கழி விழுந்துடணும். கழி விழலன்னா குதிரை விழும். மேல குந்தியிருக்குற ஆளும் சேந்து விழும். அதுக்குத்தான் தாள்ல எழுதிக் குடுத்தேன்."

நால்வரும் கழியிலிருந்து இறங்கினார்கள். காற்று ஓய்ந்தது, அலை ஓய்ந்தது என்றெல்லாம் எழுத ஆசைதான். ஆனால் அலை தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டுதான் இருந்தது. தன் பென்சில் ஒரு குதிரையின் காலை முறிக்கவும் முகமறியாத யாரோ ஒருவரின் கழுத்தைத் திருகவும் இருந்தது என்று உணர்ந்த பூவரசன் காதிலிருந்த பென்சிலை உருவி மணலில் ஆழப் புதைத்தான், அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை. லேசாக உரசினால் நிற்க வேண்டும், இடித்தால் விழ வேண்டும், இரண்டும் தெரிந்த கழிதான் கழி என்று அவள் பொறுமையாக விளக்கினாள். ஒன்பது நாளில் முடியாவிட்டால் வாடகைத் தடையே போதும் என்று மேலே சொல்லிவிடுவதாகவும், தப்பாக நினைக்க வேண்டாம் என்றும் சொன்னாள். கோமான் தலையசைத்தான்.

அன்று மாலை கொட்டகையில் எழுந்த ரம்ப ஓசை கேட்டு வடகோடி மகிழ்ந்தது. தான் ஒட்டியதைத் தானே அறுக்கும் துயரம் எவருக்கும் வேண்டாம். கழியை விடுவித்தவன், விழுவதுதானே வேண்டும் என்று குகையைத் தகர்த்து, தட்டையாக ஒரு பலகை வைத்து, அதன்மேல் கழியைக் கிடத்தினான். கடற்காற்று வந்தது, கழி உருண்டது, விழுந்தது. எடுத்து வைத்தான். காக்கை அமர்ந்தது, விழுந்தது. எடுத்து வைத்தான். வெயிலில் மீன் உலர்த்தும் பெண்களில் ஒருத்தி தும்மினாள், விழுந்தது. அவள் தும்மலுக்கும் கழிக்கும் தொடர்பில்லை என்று நாம் சொன்னாலும் அவள் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை.

டொம், டொம் என்று அந்த ஓசை குப்பம் முழுக்கக் கேட்டது. ஜெகதீஸ்வரன் வீடு வீடாகப் போகவில்லை. டீக்கடையில் ஒரு முறை உட்கார்ந்தான், அது போதும். 'பூவரசன் செஞ்சது வுயுதாமே', அதாவது விழுகிறதாமே, என்ற ஒரே வரி அங்கிருந்து கிளம்பி, பொழுது சாய்வதற்குள் காயலைக் கடந்து அக்கரைக் குப்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் படகுக்காரர் இருவர் தத்தம் படகின் ஒட்டை விரலால் சுரண்டிப் பார்த்ததைக் கோமான் தன் கண்ணாலேயே கண்டான். ஒருவர், தன் புதுப்படகு வேலையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்று ஆள்விட்டுச் சொன்னார். இருபது வருடம் பிரியாமல் ஒட்டிவைத்த பெயர், ஒரு சவுக்குக் கழியால் முனை பெயரத் தொடங்கியது. அவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்போது களமிறங்கினாள் ஜெயம்மா. கோமானின் மனைவி, காயலில் இடுப்பளவு நீரில் நின்று கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் வீராங்கனை, கொடுக்கு எந்தப் பக்கம் என்பதைச் சேற்றுக்குள்ளேயே விரலால் அறிந்து நண்டைத் தூக்கும் நுண்ணறிவினள். குப்பத்தில் குதிரை கிடையாது. ஆடுகள் உண்டு, ஆனால் அவை தாண்டாமல் கழிக்கு அடியில் நுழைந்து போயின. ஆகவே உலக்கையின் முனையில் கோணிப்பையைச் சுற்றி, அதைக் குளம்பாகக் கொண்டு, குதிரையின் பொறுப்பை அவளே ஏற்றாள். முதல் வீச்சுக்கு முன் அவள் கேட்ட கேள்வியைக் காவியம் அப்படியே பதிந்து வைக்கிறது.

"இன்னாய்யா, உரசறதா, இடிக்கறதா? முன்னாடியே சொல்லிடு. இடிக்கறதுன்னா எனுக்குக் காரணம் நெறைய கீது."

கோமான் கழியின் மறுபுறம் போய் நின்றான். ஐந்து நாள் நடந்தது அந்தப் போர். உலக்கை உரசியது, கழி விழுந்தது, கிண்ணத்தை ஆழமாக்கினான். உலக்கை இடித்தது, கழி நின்றது. கிண்ணத்தை ஆழம் குறைத்தான். கையால் தடவி அறிகிறவள் என்பதால், எந்த வீச்சு உரசல், எந்த வீச்சு இடி என்பதில் ஜெயம்மாவுக்கு ஒருபோதும் பிசகவில்லை. கிண்ணம்தான் பிசகியது. பதினேழு கிண்ணங்கள் செய்யப்பட்டன, பதினாறு எறியப்பட்டன. பதினேழாவதன் உட்புறத்தை மழமழவென்று இழைத்து, விளிம்பைத் தாழ்த்தி, வலைக்கண் அளப்பது போல விரலை வைத்து அளந்து, ஒரு விரற்கடை ஆழம் என்று நிறுத்தினான். உலக்கை உரசியது. கழி சிலிர்த்து நின்றது. உலக்கை இடித்தது. கழி, 'சரி' என்பது போல, வீழ்ந்தது. இருபது முறை உரசி இருபது முறை இடித்துப் பார்த்தார்கள். பிறகு ஏதோ தோன்றி, அந்தப் பழைய தாளை எடுத்துப் பார்த்தான் பூவரசன். ஐந்தாம் வரியில் 'கிண்ணத்தின் ஆழம்: இரண்டு சென்டிமீட்டர்' என்று, அதே ஒரு விரற்கடை அளவு, முதல் நாளே எழுதியிருந்தது. தாளை மடித்து ரெசின் பேரலுக்கு அடியில் வைத்தான், மனைவியிடம் சொல்லவில்லை.

ஞாயிறு விடிந்தது. நம் கழி விழுவதைக் கண்ணால் கண்டு வடகோடியின் வாயை அடைத்தே தீருவது என்று சூளுரைத்து, கோமானை நடுவில் வைத்துக் குப்பத்தின் இருபத்திரண்டு பேர், சின்ன யானை என்று மக்கள் அழைக்கும் சரக்கு வண்டியின் முதுகில் ஏறிக் காட்டூர் நோக்கிப் படையெடுத்தனர். வாயை அடைத்துக்கொள்ள வேண்டிய ஜெகதீஸ்வரனும் அதே வண்டியில்தான் வந்தான். வேறு வண்டி இல்லை. திடலில் பந்தல், நாற்காலி, தொப்பி அணிந்த கூட்டம். பன்னிரண்டு தடைகள். பதினொன்று வாடகை, வெள்ளை வெளேர் என்று நின்றன. பன்னிரண்டாவது நம்முடையது. அதன் பெரிய அலகுப் பூநாரைகள் தூரத்திலிருந்தே தெரிந்தன.

வந்தன குதிரைகள், பதினொன்று. இனி நடந்ததை என்னவென்று சொல்வது! வாடகைக் கழிகள் பொலபொலவென்று விழுந்தன. மூன்றாம் தடை விழுந்தது, ஏழாம் தடை விழுந்தது, ஐந்தாம் தடை ஒரே குதிரைக்கு இரண்டு கழியை உதிர்த்தது. நம் தடைக்கு முன்னால் மட்டும், காதை விறைத்து, கண்ணை உருட்டி, பூநாரையை ஒரு பார்வை பார்த்து, ஒவ்வொரு குதிரையும் தேவைக்கு மேல் ஒரு முழம் எம்பித் தாண்டிப் போனது. முதல் குதிரை தாண்டியது, தொப்பிகள் கைதட்டின, குப்பம் தலையில் கை வைத்தது. நான்காவது தாண்டியது. எட்டாவது தாண்டியது. ஊரான் கழியெல்லாம் விழும்போது நம் கழி மட்டும் நிற்கும் அவமானத்தை எப்படித் தாங்குவது? பழக்கதோஷத்தில் மறுபடி ஒட்டிவிட்டானோ என்று ஜெகதீஸ்வரன் மெல்ல வாய்விட்டுக் கேட்க, இருபத்திரண்டு தலைகளும் கோமானின் பக்கம் திரும்பின. ஜெயம்மாவின் தலைகூடத் திரும்பியது.

பூவரசன் குதிரைகளைச் சபித்தான். நல்ல மனிதன்தான், ஆயினும் அந்த நேரத்தில், மேலே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாமல் கீழே இருக்கும் கால் மட்டும் கொஞ்சம் தாழ்ந்து வரட்டும் என்று கடலையும் காயலையும் வேண்டினான்.

பதினோராவதாக வந்தது ஒரு செங்குதிரை. அதன்மேல், மீஞ்சூரில் பல் பிடுங்கும் டாக்டர் ஒருவர். களைத்த குதிரை, கனத்த டாக்டர். கோமான் நாற்காலியிலிருந்து எழுந்தான். குப்பமே எழுந்தது. குதிரை வந்தது, பூநாரையைப் பார்த்தது, எம்பியது. முன்னங்கால் கடந்தது, வயிறு கடந்தது, டாக்டர் கடந்தார், பின்னங்காலின் குளம்பு, ஆகா, கழியைத் தொட்டது! டக் என்று ஓசை கேட்டது. கழி கிண்ணத்தில் துள்ளியது, விளிம்புக்கு ஏறியது, ஏறி அங்கேயே ஒரு கணம் படுத்து யோசித்தது. இருபத்திரண்டு வாய்கள் 'வுயு' என்ற ஒரே மந்திரத்தை ஓதின. தொப்பிகள் அனைத்தும் 'நில்' என்று மூச்சடக்கின. பின்னர் அந்தப் பாழாய்ப்போன கழி, தாயின் மடிக்குத் திரும்பும் குழந்தை போல, உருண்டு வந்து கிண்ணத்திலேயே உட்கார்ந்துகொண்டது. டாக்டர் கையை உயர்த்தினார், பந்தல் அதிர்ந்தது. குப்பம் வண்டி ஏறியது. வருகிறாயா என்று ஜெயம்மா மட்டும் ஒரு முறை கேட்டுப் பார்த்தாள். அவன் வரவில்லை.

திடல் காலியான பின் ஃபர்ஹத் சிரித்த முகமாக வந்தாள். இவ்வளவு பெரிய பூநாரையைப் பார்த்துப் பயந்துதான் குதிரைகள் உயரமாகத் தாண்டின, அது தடைக்குப் பெருமை என்றாள். "கடைசி குதிரைது வெறும் உரசல்ணே. உரசலுக்கு நின்னுச்சு பாத்தீங்களா, அதான் வேலை. மத்த பதினொண்ணையும் நீங்களே செஞ்சிடுங்க." பூவரசன் சரிம்மா என்றான், நன்றி என்றான். அவள் போன பிறகும் அங்கேயே நின்றான். வேலை கிடைத்துவிட்டது, உண்மைதான். ஐப்பசி வரைக்கும் கவலையில்லை. ஆனால் ஒன்பது நாள் உண்ணாது உறங்காது ஒருவன் கற்றுக்கொண்ட ஒரே வித்தையை ஒரு குதிரைகூடப் பார்க்க மறுத்தால் அவன் எங்கே போய் முட்டிக்கொள்வான்?

வெட்டவெளி. உச்சி வெயில். கோமான் இடமும் வலமும் பார்த்தான், லுங்கியை மடித்துக் கட்டினான், பத்தடி பின்னால் போனான். கடலே காண்க, காயலே காண்க, சின்ன யானையில் போய்விட்ட இருபத்திரண்டு பேரும் எங்கிருந்தாலும் காண்க என்று மனத்துள் முழங்கியபடி, ஒரு குதிரையும் செய்யத் துணியாததைச் செய்ய, மணல் தெறிக்க, மூச்சு இரைக்க, படகு வைத்தியர் கோமான் பூவரசன் பாய்ந்து வந்து, தன் வலது முழங்காலால், இடித்தான்! கிண்ணம் விட்டது, கழி எழுந்தது, காற்றில் ஒரு அரைச்சுற்றுச் சுற்றியது, ஐந்து நிறமும் வெயிலில் மின்ன, டொம் என்று மண்ணில் விழுந்தது. இருபது வருடத்தில் அவன் கை வைத்த பொருள்களில், விழுந்ததற்காக அவன் கண்ணில் நீர் வந்தது அது ஒன்றுக்குத்தான்.

பந்தல் நிழலில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் தலையைத் தூக்கிப் பார்த்து, எடுத்து மாட்டிட்டுப் போப்பா என்றார்.

பூவரசன் கழியை எடுத்து மாட்டிவிட்டு, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான்.